உச்சவரம்புச் சுவர்

வேலாங்காட்டில் அதை ரீவைண்டு ஆபீஸ் என்பார்கள். வாசல் பலகையில் 'பிராந்தியத் தொழில் மறுஓட்ட ஆணையம்' என்று நீளமாக எழுதியிருக்கிறது. எழுதின பெயின்டருக்கே மூச்சு வாங்கியிருக்கும். பழைய ஜின்னிங் மில்லை இடித்துவிட்டு எழுப்பிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஓர் எந்திரம் இருக்கிறதாம். எப்போதோ அரசாங்கம் போட்ட ஓர் உத்தரவை உருவி எடுத்துவிட்டு, அது இல்லாமல் போயிருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று வருஷக்கணக்கில் ஓட்டிக் காட்டுமாம். மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த சென்னியப்பன் நம்பவில்லை. நடந்ததையே ஒழுங்காகச் சொல்லாத அரசாங்கம் நடக்காததை எங்கே சொல்லப் போகிறது என்பது அவர் கட்சி.

நம்பாவிட்டாலும் போனார். சாட்சியாக வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். இப்போது வீட்டுக்கு வீடு எந்திரக் கை வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கிறது, துணி மடிக்கிறது, சில வீடுகளில் குழந்தைக்குச் சோறுகூட ஊட்டுகிறது. அந்தக் கையின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு குட்டி மோட்டார் வேண்டும். அதற்கு வேலாங்காட்டையே மையமாக்க அரசு நினைத்தது. ஒரு பட்டறை இவ்வளவுக்கு மேல் பெரிசாகக் கூடாது என்று உச்சவரம்பு வைப்பதா, வைக்காமல் விட்டுவிடுவதா என்பதுதான் கேள்வி. எண்பதுகளில் பம்ப்செட் மோட்டாருக்கு அப்படி ஒரு வரம்பு இருந்தது. அதையே திரும்பக் கொண்டுவருமுன், அந்த வரம்புக்குள் வாழ்ந்து பார்த்தவர்கள் மறுஓட்டத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று சட்டம். சாட்சிகள் ஒருவரோடு ஒருவர் கூடிப் பேசி ஒரே மாதிரி சொல்லிவிடக் கூடாதென்று ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் வைத்திருந்தார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சென்னியப்பன் முடிவு பண்ணிவிட்டார். வரம்பு வேண்டவே வேண்டாம் என்று சொல்வார். அந்த வரம்பு அவரிடமிருந்து எதைப் பிடுங்கியது என்று அவருக்குத் தெரியும்.

சாட்சிகளைப் பார்த்துக்கொள்ள ரெஜினா என்று ஒரு தூத்துக்குடிப் பெண் இருந்தாள். முதல் நாள் மைக்கை வைத்து அவரை உட்காரவைத்தாள்.

"எனக்கு ஒண்ணு புரியலை அம்மிணி. நாங்க எப்படி இருந்தோம்னு இந்த மிசினுக்கு எப்படித் தெரியும்?"

"பழைய கரண்ட் பில், வரி, பேங்க், லாரி போன ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் உள்ள கொடுத்திருக்கோம் ஐயா. ஊரு எப்படி வளரும்னு அதுவே ஓட்டிரும். ஆனா மனுசங்க எப்படிப் பேசுவாங்க, எப்படி உக்காருவாங்க, இதெல்லாம் எந்த ரெக்கார்டுலயும் கிடையாதுல்லா? அதைச் சாட்சிங்க சொல்லணும். நீங்க சொன்னா, அதை வச்சு ஆளுங்களை நடமாட விடும்."

"சொல்லாட்டி?"

"வேற யாராவது சொல்லியிருந்தா உண்டு. யாருமே சொல்லாததை அது செய்யாது. அந்த ஆளு சும்மா உக்காந்திருப்பாரு, அவ்வளவுதான்."

அவர் சொன்னார். முதல் லேத்து வாங்கியது, மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றக் கற்றது, முதல் மோட்டார் ஓடியபோது ஷெட்டில் தேங்காய் உடைத்தது, எல்லாம் சொன்னார். பேசப் பேசக் குரலில் ஒரு மினுக்கு ஏறியது. தம்பியைப் பற்றிக் கேட்டதும் இறங்கிவிட்டது.

"தம்பி ஒருத்தன் உண்டு. கூட இருந்தான். பொறவு பிரிஞ்சுட்டான்."

மைக்கை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

தம்பி பெயர் கிட்டுசாமி. அப்பா செத்தபோது அவன் டவுசர் போட்ட பையன், அண்ணன்தான் வளர்த்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் 'சென்னி மோட்டார்ஸ்' ஆரம்பித்தார்கள். பெயரில் அண்ணன் மட்டும் இருந்தாலும் வேலையில் தம்பி இருந்தான். அண்ணன் ஆர்டர் பிடிப்பார், தம்பி மோட்டாரைச் சத்தத்தை வைத்தே பாஸா பெயிலா என்பான். சாயங்காலம் ஆனால் டெஸ்டிங் ஷெட்டில் இரண்டு பேருக்கும் டீ வரும். கிட்டுவுக்குச் சூடு ஆகாது, நாக்கு பொத்துப் போகும். அண்ணன் அவன் டம்ளரை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் விசிறி மூடிக்குப் பக்கத்தில் பாயும் காற்றில் பிடித்து ஆற்றிக் கொடுப்பார். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்த பிறகும் அப்படித்தான். மற்றவர்கள் இருந்தால் இரண்டு பேருக்கும் வெட்கம், செய்ய மாட்டார்கள்.

தொழில் வளர்ந்தது. அங்கேதான் வில்லங்கம். எந்திரங்களின் மதிப்பு வரம்பைத் தாண்டினால் சிறுதொழில் என்ற பெயர் போய்விடும். பெயர் போனால் கடன், சலுகை, கடைசியில் சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கியிருந்த மோட்டாரைச் செய்கிற உரிமையே போய்விடும். நன்றாக ஓடினதற்காகக் குதிரையின் காலைக் கட்டுகிற சட்டம் என்று அண்ணன் திட்டிக்கொண்டே இருந்தார். ஆடிட்டர் ஒருவர் வழி சொன்னார். பாதி எந்திரத்தைத் தம்பி பெயரில் எழுதுங்கள், நடுவில் ஒரு சுவர் வையுங்கள், இரண்டு கம்பெனி, இரண்டு போர்டு, தீர்ந்தது. அப்படியே ஷெட்டுக்கு நடுவில் சுவர் வந்தது. அந்தப் பக்கம் 'கிட்டு எலெக்ட்ரிகல்ஸ்'. சுவரில் ஒரு கதவும் இருந்தது. மோட்டார் அந்தக் கதவு வழியாகப் போகும், வரும், டீயும் போகும், வரும். கொஞ்ச நாள் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

யாரோ வேண்டாதவன் பெட்டிஷன் போட்டான். இரண்டும் ஒரே கம்பெனி, அண்ணன் தம்பி நாடகம் ஆடுகிறார்கள் என்று. இன்ஸ்பெக்டர் வரப் போகிறார் என்று தெரிந்ததும் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துப் பூசினார்கள். அதுவும் போதாது என்று அண்ணனுக்கு ஒரு யோசனை. ஊரறியச் சண்டை போடுவோம்! பேக்கரி வாசலில், சந்தை நாளில், நாலு பேர் பார்க்க. முந்தின சாயங்காலம் டெஸ்டிங் ஷெட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். நீ இப்படிச் சொல்லு, நான் அப்படிச் சொல்றேன் என்று வசனம் பேசிப் பேசி, கிட்டு சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் சண்டை பிரமாதமாக நடந்தது. கூட்டம் கூடியது. கூட்டத்தைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குச் சாமி வந்துவிட்டது. ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "அப்பன் செத்தப்போ உன்னையத் தூக்கி வளத்தினனே, அதுக்கு ஒரு நாயை வளத்தியிருந்தா இன்னிக்கு வாலாட்டிக்கிட்டு வாசல்ல கெடக்கும்!"

கிட்டுவுக்குப் பதில் வசனம் இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சண்டை தத்ரூபமாக இருந்தது என்று ஆடிட்டரே பாராட்டினார். இன்ஸ்பெக்டரும் திருப்திப்பட்டுப் போனார். அன்று சாயங்காலம் டீ குடிக்கக் கிட்டு வரவில்லை.

போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நடிப்புதானே, நடிப்புக்கு எதற்கு மன்னிப்பு என்று இவர் இருந்தார். நடிப்பாக இருந்தால் அண்ணன் வந்து சொல்லியிருப்பாரே என்று அவன் இருந்தான். இவர்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அந்தச் சண்டையைச் சண்டையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மாவு, முருங்கைக்காய், வம்பு எல்லாம் தவறாமல் கைமாறின. கல்யாணங்காட்சிக்கு இரண்டு குடும்பமும் வரும். ஆண்கள் மட்டும் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்து மணமேடையைப் பார்ப்பார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இத்தனைக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர்தான்.

மறுஓட்டம் ஒரு பெரிய திரையில் ஓடியது. வரம்பு இல்லாத வேலாங்காடு. சென்னியப்பன் முதலில் ஊரை மேலிருந்து பார்த்தார், பிறகு தன் ஷெட்டை. சுவர் இல்லை. ஷெட்டு வளர்ந்தது. பக்கத்துக் கள்ளிக்காட்டை விழுங்கியது. பெரிய கேட்டு வந்தது, சங்கு ஊதியது, மூன்று ஷிப்டு ஆள் போனார்கள், வந்தார்கள். போர்டில் 'சென்னி பிரதர்ஸ்' என்று இருந்தது.

"பாத்தியா அம்மிணி! விட்டிருந்தா எங்கியோ போயிருப்போம்."

"இன்னும் கொஞ்சம் பாருங்க ஐயா," என்றாள் ரெஜினா.

இன்னும் கொஞ்சம் ஓடியது. வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்று நல்ல விலை கொடுத்து அதை வாங்கியது. சில வருஷம் நன்றாக நடத்தியது. பிறகு வேறொரு மாநிலம் இலவசமாக நிலம் கொடுத்தது. எந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். கேட்டில் பூட்டு மட்டும் மிஞ்சியது. ஊரில் அந்த ஒரு கம்பெனியை விட்டால் வேறு பட்டறை வளரவில்லை. பஸ் ஸ்டாண்டு சின்னதாகவே நின்றுவிட்டது. பாலிடெக்னிக் வரவேயில்லை. பேக்கரியும் இல்லை.

"நெசத்துல என்ன நடந்துச்சுன்னா," என்றாள் ரெஜினா, "உங்க சுவரைப் பாத்து மத்தவங்களும் சுவர் வச்சாங்க. ஒவ்வொரு சுவருக்கும் ரெண்டு முதலாளி. அவங்ககிட்ட வேலை கத்துக்கிட்டவங்க தனியாப் போயி வேற பட்டறை வச்சாங்க. ஒருத்தன் காயில் மட்டும், ஒருத்தன் ஷாப்ட் மட்டும்னு ஊரே பட்டறை ஆச்சு. ஒண்ணு மூடினாலும் இன்னொண்ணு தாங்கிச்சு. எந்திரக் கைக்கு இந்த ஊரைத் தேடி வர்றாங்கன்னா அதனாலதான் ஐயா."

"அப்ப அரசாங்கம் பண்ணுனது சரிங்கறே."

"ஊருக்குச் சரி."

"வீட்டுக்கு?"

ரெஜினா திரையை நிறுத்தினாள். "அதை மிஷின் கணக்குப் பண்றதில்லை ஐயா. ஆபீசுல கேட்டா, அதுக்குத்தான் சாட்சிங்க இருக்காங்கம்பாங்க."

சென்னியப்பன் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அந்தச் சுவரைத் திட்டியே காலம் தள்ளியிருந்தார். தெருத் தெருவாகக் கேட்கிற லேத்துச் சத்தம், பாலிடெக்னிக்கில் படித்த தன் பேத்தி, எல்லாம் அந்தச் சுவரிலிருந்துதான் வந்தது என்று இப்போது சொல்கிறார்கள். சரி என்று ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை, இல்லை என்று தள்ளவும் முடியவில்லை.

"அந்த ஷெட்டுக்குள்ள போக முடியுமா அம்மிணி? சுவரில்லாத ஷெட்டுக்குள்ள. சாயங்கால நேரம்."

ரெஜினா இடத்தைத் தேடவில்லை. விரல் நேராக அங்கே போனது. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

டெஸ்டிங் ஷெட்டு. மேற்கு ஜன்னலில் வெயில். பெஞ்சின் மேல் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். இருவருக்கும் காதோரம் நரைத்திருந்தது. அந்த வயதுத் தம்பியைச் சென்னியப்பன் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. கல்யாண மண்டபங்களில் பின்னந்தலையைப் பார்த்ததோடு சரி. லேசாகத் தொப்பை வைத்திருந்தான். நடக்கும்போது அப்பாவைப் போலத் தோளைச் சாய்த்தான். ரெஜினாவுக்கு முன்னால் அழக் கூடாது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

டீ வந்தது. திரையில் இருந்த அண்ணன் தம்பியின் டம்ளரை வாங்கினார். வாங்கி, மோட்டாரின் விசிறி மூடிக்குப் பக்கத்தில், காற்று பாயும் இடத்தில் பிடித்தார்.

சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இதை யாரு சொன்னது?"

"எதை ஐயா?"

"டீயை மோட்டார்ல ஆத்துறதை. நான் சொல்லலை. எம்பொண்டாட்டிக்கே தெரியாது. இது தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான்."

ரெஜினா திரும்பிப் பார்த்தாள். தான் எதையோ சொல்லாமலே சொல்லிவிட்டோம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "சாட்சி பேரு சொல்லக் கூடாது ஐயா. என் வேலை போயிரும்."

"நீ சொல்ல வேண்டாம் கண்ணு."

திரையில் அண்ணன் டம்ளரை நீட்ட, தம்பி வாங்கிக் குடித்தான். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

"ஒண்ணு மட்டும் சொல்லலாம்னு நெனைக்கேன்," என்றாள் ரெஜினா, திரையைப் பார்த்தபடியே. "இந்த இடம் இன்னிக்குத்தான் ஓடுதுன்னு நெனைக்காதீங்க. வேற எதுவும் வேண்டாம்மா, இதை மட்டும் போடுன்னு கேட்டு, பல தடவை ஓடியாச்சு."

விசாரணை நாள் வந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஓர் அம்மாள். சென்னியப்பன் சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போயிருந்தார். வேண்டாம் என்ற ஒரு சொல்லை வாய்க்குள் உருட்டி உருட்டிப் பழகி வைத்திருந்த மனுஷர், எழுந்து நின்றதும் வேறு பேசினார்.

"வரம்பு வரட்டுமுங்க. ஊருக்கு நல்லதுதான், பாத்துட்டேன். ஆனா ஒண்ணு. சுவர் வெக்கச் சொல்றப்போ, அதுல ஒரு கதவு வெச்சுக்கலாம்னு உத்தரவுலயே எழுதிருங்க. அண்ணன் தம்பி ஒண்ணா உக்காந்து டீ குடிக்கறதை ஆரும் வந்து குத்தம் பிடிக்கக் கூடாதுன்னு எழுதிருங்க."

அம்மாள் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, அன்பாகத்தான். "டீ குடிக்கறதை எல்லாம் அரசாங்க உத்தரவுல எப்படிங்க எழுதறது?"

"குடிக்காம விட்டது உத்தரவாலதானுங்களே."

அம்மாள் சிரிப்பை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார். எழுதுவார்களோ மாட்டார்களோ, அது அரசாங்கம். அதன் மனசு யாருக்குத் தெரியும். சென்னியப்பன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த சாட்சியைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது என்றார் பியூன். யார் என்று இவர் கேட்கவில்லை. கேன்டீனில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வராந்தாவில் நின்றார். எந்திர அறைச் சுவரில் கம்பிபோட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. எந்திரத்தைக் குளிர்விக்கிற காற்று அதன் வழியாகச் சில்லென்று வெளியே அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை காலம் நடக்காததை எல்லாம் ஓட்டிக் காட்டிய எந்திரம், இதற்காவது ஆகட்டும் என்று ஒரு டம்ளரை அந்தக் காற்றில் பிடித்தார். போகிற வருகிற ஆபீஸ்காரர்கள் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தோளைச் சாய்த்து ஒருவர் ஏறி வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. கடைசிப் படியில் அவர் கால் நின்றுவிட்டது. சென்னியப்பனைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், கம்பி ஜன்னலைப் பார்த்தார்.

சொல்ல வேண்டியதைச் சென்னியப்பன் நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அது ஒத்திகையில இல்லை கிட்டு," என்றார். "நான் சொன்னது. நானாச் சேத்துனது. தப்பு."

கிட்டுசாமி பக்கத்தில் வந்தார். பியூன் கதவைத் திறந்து அடுத்த சாட்சி என்று கூப்பிட்டார், அவர் திரும்பவில்லை.

"எதுக்குங்ணா ஆத்திக்கிட்டு நிக்கறீங்க?" என்றார். "ஆத்தித் தர ஆளில்லாம இத்தன வருசம் குடிச்சுக் குடிச்சு, எனக்குச் சூடு பழகிப்போச்சுங்."

சொல்லிவிட்டு டம்ளரை வாங்கி, ஒரு வாய்க்கு ஒரு தரம் ஊதி ஊதிக் குடித்தார்.